நான் பொட்டு வைத்த சர்வே கல்

ஊர் முன்னால் அவமானப்பட்டால் ஒரு நல்லது நடக்கும் என்றால், தாராளமாகப் பட்டுக்கொள்ளலாம். நான் பட்டிருக்கிறேன். (என் வீட்டுக்காரரைக் கேட்டால் இன்னும் மசாலா சேர்த்துச் சொல்வார்.)

எங்கள் வடக்குப்பட்டில் குட்டையோரம் ஒரு புற்று இருக்கிறது. நாகாத்தம்மன் குடியிருக்கும் இடம். ஆடி வெள்ளி தவறாமல் பால் ஊற்றுவேன். அந்த வருஷம் முதல் வெள்ளி போனபோது, புற்றுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் புதுக் கல் ஒன்று நட்டிருந்தது. யாரோ வேண்டுதலுக்கு நாகர் கல் வைத்திருக்கிறார்கள், பாம்பை இனிமேல்தான் செதுக்குவார்கள் போல என்று நினைத்தேன். (எட்டாவது வரை படித்த மூளை, அவ்வளவுதான் ஓடியது.) அதில் சிவப்பாக ஏதோ கிறுக்கியிருந்ததைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, விழுந்து கும்பிட்டேன்.

அடுத்த வெள்ளி பார்த்தால் கல்லுக்குச் சிவப்புத் துணி கட்டியாச்சு. அதற்கடுத்த வெள்ளி தெருவே கூழ்ப் பானையோடு நிற்கிறது. அப்போதுதான் ஜீப் வந்தது. சின்ன வயசு இன்ஜினியர் ஒருவர் இறங்கி, சுற்றிச் சுற்றித் தேடினார்.

"இங்க சர்வே கல்லு ஒண்ணு இருக்கணுமே, எங்க?"

அவரே சிவப்புத் துணியை விலக்கிப் பார்த்துவிட்டார்.

"யாரும்மா இதை சாமியாக்குனது?"

பக்கத்து வீட்டுச் சுந்தரி பட்டென்று என்னைக் கைகாட்டினாள். "இந்த அக்காதான் சார்! நாங்கல்லாம் பின்னாடிதான் வந்தோம்." (முந்தின வாரம் அந்தக் கல்லிடம் மகளுக்கு வரன் கேட்டவள் அவள்.)

நேரம் பார்த்து, நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து என் வீட்டுக்காரர் இறங்கினார். "இன்னாடி, கவர்மென்ட் கல்லுக்கா கற்பூரம் காட்டிக்கினு கீற?"

கூட்டமே சிரித்தது. எனக்குக் கூழ்ப் பானைக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது.

ஆனால் இன்ஜினியர் அடுத்துச் சொன்னதில் வெட்கமெல்லாம் ஓடிவிட்டது. புதுக் கம்பெனிக்கு ரோடு வருகிறதாம். புற்றும் பாதிக் குட்டையும் அதில் போய்விடுமாம்.

"சார், கல்லை எடுத்துக்கோங்க, புத்தை வுட்டுடுங்க. உள்ள பாம்பு கீது, குட்டையில தவளை, தட்டான்லாம் கீது. ஆத்தா படைச்ச உசுருங்க சார், எங்க போவும்? அந்தப் பக்கம் சும்மாதானே கெடக்குது, கொஞ்சம் வளைச்சுப் போடக் கூடாதா?" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். (இந்தத் தடவை கல்லை அல்ல.)

அவர் குட்டையைப் பார்த்தார். கரை முழுக்க நாங்கள் வீசிய பால் பாக்கெட்டும் பிளாஸ்டிக் கவரும்.

"இதையும் பாம்புக்குத்தான் படைச்சீங்களா? நீங்க இதை நிறுத்துங்க, நான் மேல பேசிப் பாக்குறேன். நம்பரைத்தான் அழிச்சிட்டீங்களே, எப்படியும் மறுபடி அளக்கணும்."

அன்றைக்கே சுந்தரியும் நானும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு கரையைக் கூட்டினோம். இப்போது யாரும் கவரோடு வருவதில்லை; பால் சொம்பில்தான் வருகிறது. ரோடும் வந்தது, குட்டையைச் சுற்றி வளைந்து. தவளையும் கீரியும் கடக்க அடியில் பெரிய குழாயும் போட்டிருக்கிறார்கள். எல்லாம் ஆத்தா கருணை.

என் வீட்டுக்காரர் மட்டும் விடுவதாயில்லை. மறைமலை நகர் போகும் வழியில் கிலோமீட்டர் கல் வந்தால் வண்டியை ஓரங்கட்டி, "எறங்கிக் கும்புட்டுட்டு வா, நான் நிக்கிறேன்" என்பார். நான் தோளைத் தட்டி வண்டியை எடுக்கச் சொல்வேன். திரும்பி வரும்போது அந்த வளைவில் வண்டி சாயுமே, அப்போது அவர் முதுகில் ஒன்று வைத்துச் சொல்வேன்:

"மெதுவா போங்க. இது நான் வளைச்ச ரோடு."