உட்கார்ந்து பெற்ற பன்னிரண்டு கிரெடிட்

மாடம்பாக்கத்தில் பதினேழு வருடமாகப் பிசியோதெரபி கிளினிக் நடத்திவரும் கோகிலவாணிக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியது இயன்முறை மருத்துவர் தொடர்கல்வி வாரியம். பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று நான்கு பார்வைகளை மேலே அடுக்கிவிட்டு, கீழே ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். ஐந்து ஆண்டுகளில் முப்பது கிரெடிட் சேர்த்திருக்க வேண்டிய தாங்கள் பதினெட்டு மட்டுமே சேர்த்திருப்பதால், இம்மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குப் பிறகு மூட்டு, தசை, நரம்பு ஆகியவை குறித்துத் தங்களுக்கு எதுவும் தெரியாது என்று கருதப்படும்.

கோகிலவாணி கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பல்லாவரத்தில் இருந்த வாரிய அலுவலகத்துக்கு ஓடினாள்.

வாரியத்தின் செயலர் பட்டாபிராமன் மரியாதை தெரிந்த மனிதர். முன்பு வேறொரு துறையில் தராசுகளுக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தவர். முத்திரை சரியாக விழுந்துவிட்டால் தராசைத் தனியாகப் பார்க்க வேண்டியதில்லை என்பது முப்பது வருட அனுபவத்தில் அவர் கண்ட உண்மை.

"சார், போன வருஷம் மட்டும் ஆயிரம் பேருக்கு மேல ட்ரீட்மென்ட் குடுத்திருக்கேன். அதுக்குக் கிரெடிட் எதுவும் கிடையாதா?"

"ட்ரீட்மென்ட் குடுக்கறது தொழில் மேடம். கிரெடிட் குடுக்கறது கல்விக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

"புதுசா வர்ற ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் படிக்கிறேனே?"

"எங்க படிக்கிறீங்க?"

"வீட்டுலதான்."

"அதான் பிரச்சனை. நீங்க படிச்சதை யார் பாத்தா?"

பார்த்தது அவள் வீட்டுப் பூனை மட்டும்தான். அதன் சாட்சி செல்லாது என்று அவளுக்கே தெரியும். பட்டாபிராமன் மனம் இரங்கி ஒரு நோட்டீஸை எடுத்துக் கொடுத்தார். முப்பத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஒருநாள் பயிலரங்கம். தலைப்பு: 'நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பதால் விளையும் கேடுகள்'. நேரம்: காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. பன்னிரண்டு கிரெடிட்.

"ஒண்ணு மட்டும் கவனம் மேடம். எழுந்திருக்கக் கூடாது."

"எழுந்திருக்கக் கூடாதா?"

"போன தடவை வெள்ளிக்கிழமை வச்சோம். கையெழுத்தைப் போட்டுட்டுப் பாதிப் பேர் பல்லாவரம் சந்தைக்குப் போயிட்டாங்க. அதனால இப்போ கேமரா. முக்கால் மணிக்கு ஒரு தரம் மணி அடிக்கும், அது முகத்தை எண்ணும். உட்கார்ந்த உயரத்துக்கு செட் பண்ணியிருக்கு. எழுந்து நின்னா உங்க வயிறுதான் தெரியும். வயித்துக்குக் கிரெடிட் குடுக்க விதியில இடமில்ல. ஒரு தடவை தவறினாலும் அன்னிக்கு மொத்தமும் ரத்து."

கோகிலவாணி வீடு திரும்பினாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையில் இன்னொரு சிக்கல் இருந்தது. அதன் பெயர் லோகநாதன்.

லோகநாதன் மாடம்பாக்கத்தின் பழைய ஊர்க்காரர். அவருக்கு நெல் விளைந்த நிலத்தில் இப்போது நான்கு மாடி வீடுகள் விளைந்திருக்கின்றன. ஏழு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. மூன்று வாரத்தில் மகள் கல்யாணம். மணமேடையின் மூன்று படிகளை யாரும் பிடிக்காமல் ஏறிப்போய்த் தாரை வார்க்க வேண்டும் என்பது அவருடைய ஒரே வைராக்கியம். அதற்காக ஞாயிறுகூட விடாமல் தினமும் கிளினிக்குக்கு வந்து நடந்து பழகிக்கொண்டிருந்தார்.

"இன்னா டாக்டரம்மா, ஒரு நாள் உட்டாக்கூட என் காலு என்னியே மறந்துடும். நீ எங்க போறியோ அங்க நானும் வரேன்."

"அங்க பேஷண்டை எல்லாம் உள்ள விட மாட்டாங்கண்ணா."

"கல்யாண மண்டபம்தானே? எந்தக் கல்யாண மண்டபத்துல வந்த மனுசன இன்னா உறவுன்னு கேட்டுகினு இருந்தாங்க?"

அவர் சொன்னதுபோலவே ஆயிற்று. மகன் மோகன்ராஜ் அவரை ஆட்டோவில் கொண்டுவந்து, பதிவு மேசைக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார வைத்தான். மேசையில் இருந்த தபீதாள் என்ற ஊழியர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"பேரு?"

"லோகநாதன்."

"பதிவு எண்?"

லோகநாதனிடம் இருந்த ஒரே எண், கோகிலவாணி கிளினிக்கின் நோயாளி அட்டை எண். அதைச் சொன்னார். இருநூற்றுப் பதினான்கு. அப்படி ஓர் எண் இல்லை என்றது கம்ப்யூட்டர். புதிய பதிவா என்று அதுவே கேட்டது. வரிசையில் பின்னால் அறுபது பேர் நின்றிருந்தார்கள். தபீதாள் 'ஆம்' என்ற பொத்தானை அழுத்தி, அடையாள அட்டையை அவர் கழுத்தில் மாட்டினார். அட்டைகளில் 'டாக்டர்' என்பது ஏற்கெனவே அச்சடிக்கப்பட்டிருந்தது. பெயரை மட்டும்தான் எழுத வேண்டும்.

பயிலரங்கம் உரிய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் கழித்து உரிய முறையில் தொடங்கியது. பேச்சாளர் ராகவேந்திரா பெங்களூரிலிருந்து வந்திருந்தார். இணையத்தில் அவரை நான்கு லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள். அத்தனை பேர் பின்தொடர்வதால் ஆறு வருடமாக நோயாளி யாரையும் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

"அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்காத மனிதன் தன் முதுகெலும்புக்குத் துரோகம் செய்கிறான்" என்றார் ராகவேந்திரா. நூற்றெண்பது பேர் உட்கார்ந்தபடியே அதைக் குறித்துக்கொண்டார்கள்.

பதினொரு மணிக்குக் கோகிலவாணிக்கு இடுப்பு கடுத்தது. பன்னிரண்டுக்குக் கால் மரத்தது. முன் வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் தோளைச் சத்தமில்லாமல் அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் லோகநாதன் மட்டும் ஆடாமல் அசையாமல் இருந்தார். துணையில்லாமல் எழுந்திருக்க அவரால் முடியாது. மணி அடித்த ஒவ்வொரு தடவையும் கேமரா அவர் முகத்தை மற்ற எவருடைய முகத்தையும்விடத் தெளிவாகப் படித்தது.

சாப்பாட்டு இடைவேளையில், பந்திக் கூடத்துக்குப் பின்னால், கோகிலவாணி அவரை நடக்க வைத்தாள். நாலு அடி வைத்ததும் சொல்லாமல் கையை விட்டாள். அவர் ஐந்தாவது அடியைத் தானாக வைத்தார். அப்புறம் நின்று, தன் காலையே யாரோ புதிய ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கோகிலவாணிக்கு அன்று காலையிலிருந்து முதல் முறையாக இடுப்பு வலி மறந்தது.

நாலு மணிக்கு விபரீதம் நடந்தது. பேச்சாளருக்குப் போர்த்த வேண்டிய சால்வை மேடையில் நழுவி விழ, எடுக்கக் குனிந்த பட்டாபிராமன் "அம்மா!" என்றார். குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். அதே நேரம் மணியும் அடித்தது.

நூற்றெண்பது பிசியோதெரபிஸ்டுகள் அவரையே பார்த்தார்கள். தசைப்பிடிப்பு என்றார் ஒருவர். டிஸ்க்காக இருக்கும் என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் கேமராவை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. ராகவேந்திரா செல்போனை எடுத்து நல்ல கோணம் தேடினார்.

கோகிலவாணி பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று விநாடி உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கேமரா எண்ணி முடிக்கும் முன்பே எழுந்து ஓடினாள். அவரை மெல்ல மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு காலையும் மடக்கி நாற்காலிமேல் ஏற்றி, மூச்சை இழுத்து விடச் சொல்லி, கால் மணி நேரத்தில் ஒருக்களிக்க வைத்து எழுப்பி நிறுத்தினாள். அரங்கம் கைதட்டியது, உட்கார்ந்தபடியே.

மாலையில் அவளுக்குச் சான்றிதழ் இல்லை என்று சொன்னார்கள்.

"சார், உங்களை நிமித்தப் போய்த்தானே எனக்கு ஆப்சென்ட் ஆச்சு?"

"அதுக்கு நன்றி மேடம். தனிப்பட்ட முறையில ரொம்ப நன்றி. அலுவல் முறையில பாத்தா, நாலு மணிக்கு நீங்க இல்ல."

"நாளையிலேர்ந்து நான் எப்படி சார் பேஷண்ட் பாக்கறது?"

"பதிவு உள்ள ஒருத்தரோட மேற்பார்வையில தாராளமாப் பாக்கலாம். விதி பதினொண்ணு."

அப்போது மோகன்ராஜின் தோளைப் பிடித்துக்கொண்டு லோகநாதன் வந்தார். கையில் பளபளவென்று ஓர் அட்டை.

"சார், இது இன்னா காயிதம்? ஃப்ரேம் போடணுமா?"

பட்டாபிராமன் வாங்கிப் பார்த்தார். டாக்டர் லோகநாதன், பன்னிரண்டு கிரெடிட், வருகை நூறு சதவீதம், புதிய பதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும். முத்திரை சரியாக விழுந்திருந்தது.

"சார், இவர் என் பேஷண்ட்!" என்று கத்தினாள் கோகிலவாணி.

"அப்படியா? ரொம்ப நல்லதாப் போச்சு. மேற்பார்வையாளர் தினமும் கிளினிக்குக்கு வந்துடுவாரே!"

மறுநாளிலிருந்து லோகநாதன் தன் சிகிச்சையைத் தானே மேற்பார்வை பார்த்தார். மற்ற நேரத்தில் சான்றிதழுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்துக் காலனியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை அபிதகுஜாம்பாள், முழங்கால் வலிக்காக இரண்டு வருடமாக வந்துகொண்டிருப்பவர். கோகிலவாணி சொல்லிக்கொடுத்த பயிற்சி எதையும் ஒரு நாளும் செய்ததில்லை. அன்று அவர் சான்றிதழை இரண்டு முறை படித்துவிட்டு, லோகநாதனிடம் பணிவாகக் கேட்டார்.

"எனக்கு என்ன சார் பண்ணலாம்?"

"டாக்டரம்மா சொல்றத வூட்ல செய்யி. தெனிக்கும் செய்யி."

"தினமுமா சார்?"

"நான் செய்யல?"

அபிதகுஜாம்பாள் செய்தார். ஒரே மாதத்தில் வலி பாதியாகக் குறைந்தது. மாடம்பாக்கத்துக்குக் கெட்டிக்கார டாக்டர் ஒருவர் வந்திருப்பதாகவும், அதிகம் பேச மாட்டார், உட்கார்ந்த இடத்திலிருந்தே நோயைக் கண்டுபிடித்துவிடுவார் என்றும் ஊரெல்லாம் பேச்சாயிற்று. கூட்டம் வந்தது. "நீங்க டாக்டரோட அசிஸ்டெண்டாம்மா?" என்று கேட்டவர்களுக்குக் கோகிலவாணி முதலில் பதில் சொன்னாள். அப்புறம் வலி எந்தக் காலில் என்று மட்டும் கேட்டாள்.

இதற்கு நடுவே கல்யாணமும் நடந்தது. லோகநாதன் மூன்று படிகளையும் தானே ஏறினார். பின்னால் இரண்டு கையையும் நீட்டியபடி, தொடாமல், கோகிலவாணி நின்றாள். மூன்றாவது படியில் அவர் நிமிர்ந்து நின்றபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குக் கிரெடிட் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பந்திக்குப் போனாள்.

அடுத்த பயிலரங்கத்துக்கு, வருகையில் முன்மாதிரி என்று லோகநாதனையே பேச அழைத்தது வாரியம். விடுபட்ட பன்னிரண்டு கிரெடிட்டுக்காகக் கோகிலவாணி ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவர் தடியை ஊன்றி மேடைக்கு நடந்து வந்து மைக்கைப் பிடித்தார்.

"நான் டாக்டரு இல்லீங்க. வெறும் பேஷண்ட்டு."

என்ன அடக்கம் என்று அரங்கம் கைதட்டியது.

"டாக்டரம்மா மொத மொதலா கைய உட்டப்போ, பயம் எனக்குக் கால்ல வரல. தொண்டைல வந்து நின்னுச்சு. அந்த நேரத்துல ஒரு மனுசனுக்கு இன்னா ஆவுதுன்னு இத்தினி நாளு யாரும் என்னியக் கேக்கல. இப்போ கேளுங்க. இன்னா வேணாலும் கேளுங்க. சொல்றேன்."

நூற்றெண்பது பேர் யோசித்தார்கள். கடைசியில் நடுவிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"சார், இந்த செஷனுக்கு எத்தனை கிரெடிட்?"

எல்லோரும் ஆவலாகப் பட்டாபிராமன் முகத்தைப் பார்த்தார்கள். லோகநாதன் மட்டும் ஐந்தாவது வரிசையைப் பார்த்தார். கோகிலவாணி தலையைக் குனிந்துகொண்டாள். கேட்டது அவள்தான்.