அண்ணன் வைக்கவிருந்த பெயர்

மன்னர்களை அவர்கள் வெட்டிய குளத்தாலும் எழுப்பிய கோபுரத்தாலும் அளப்பது பழைய முறை. மக்களாட்சியில் ஒரு தலைவரின் உயரத்தை அளக்க வேண்டுமானால், அவர் வந்து பெயர் வைப்பதற்காக ஒரு குழந்தை எத்தனை ஆண்டுகள் பெயரில்லாமல் காத்திருந்தது என்று பார்த்தால் போதும். இந்த அளவையில் எங்கள் அண்ணன் ராஜமாணிக்கம் எம்.எல்.ஏ.வுக்கு நிகராக இத்துணைக்கண்டத்தில் ஆளில்லை. ஐந்து ஆண்டு, இரண்டு மாதம்.

இதை உலக சாதனைப் புத்தகத்துக்கு எழுதிப் போடலாம் என்று நான் சொன்னபோது, என் அக்கா புருஷன் ஜெயசீலன் மாமா மறுத்துவிட்டார். "அண்ணனுக்கு வெளம்பரம்லாம் புடிக்காது தமிழு" என்றார். அவர் அப்போது நின்றுகொண்டிருந்தது அண்ணனின் இருபது அடி கட்அவுட்டின் நிழலில்.

அண்ணன் பொதுவாழ்வுக்கு வந்த வரலாறு சுருக்கமானது. கடலூருக்குத் தெற்கே, எங்கள் குப்பத்துக்குப் பக்கத்தில், அவர் ஒரு ஐஸ் ஃபேக்டரி வைத்திருந்தார். 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போன நான்காம் நாள், ஒரு லாரி நிறையப் பழந்துணியோடு வந்து இறங்கினார். கம்பளிச் சட்டை, கழுத்துப் பட்டை, கல்யாணக் கோட்டு. அந்த மாதம் எங்கள் ஊர் ஆண்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு நிவாரண வரிசையில் நின்றதைப் பார்த்த வெளியூர் அதிகாரி ஒருவர், இது வசதியான ஊர்தான் என்று குறித்துக்கொண்டு போனார். மாமாவுக்குக் கிடைத்தது கறுப்புக் கோட்டு. "அண்ணன் கையால குடுத்தது" என்று அதைக் கட்சிக் கூட்டத்துக்கெல்லாம் போட்டுக்கொண்டு போவார். சித்திரை வெயிலிலும்.

பழந்துணி கொடுத்தவரைப் புதுச் சட்டமன்றத்துக்கு அனுப்புவது என்று 2006இல் முடிவாயிற்று. ஏப்ரல் மாதம் பிரச்சார மேடை. அக்கா அமராவதிக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம். கிளைச் செயலாளரான மாமா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறிவிட்டார். தலைவர்கள் மேடையில் குழந்தைக்குப் பெயர் வைப்பது நாட்டு வழக்கம்தானே. அண்ணன் குழந்தையை வாங்கினார், மைக்கைப் பிடித்தார். "இப்போது பெயர் வைத்தால் இது வேட்பாளர் வைத்த பெயர். வெற்றி பெற்று வருகிறேன். அப்போது இவள் சட்டமன்ற உறுப்பினர் பெயர் சூட்டிய குழந்தை" என்றார். விசில் பறந்தது. மாமா நெகிழ்ந்துபோய் அதே மைக்கில், "அண்ணன் வந்து பேரு வெக்கிற வரைக்கும் எம் புள்ளைக்கிப் பேரே கெடையாது" என்று சபதம் செய்தார்.

அண்ணன் வென்றார். வெற்றி ஊர்வலம் பைபாஸ் வழியாகப் போய்விட்டது.

நான் அந்த ஜூனில்தான் சிதம்பரத்தில் பி.ஏ. சேர்ந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள். படித்தவள் என்ன ஆகலாம் என்று அப்போது எனக்குப் பல கனவுகள் இருந்தன. மனு எழுதுபவள் ஆனேன். முதல் மனு 2007இல். காது குத்தும் அன்றைக்கே பெயரும் வைத்துவிடலாம், தாங்கள் எழுந்தருள வேண்டும் என்று "மாண்புமிகு" நான்கு போட்டு எழுதினேன். அண்ணன் உண்மையாகவே எழுந்தருளினார். அடுத்த தெருவில் ஒரு சாவுக்கு. தொகுதியில் ஒரு சாவைக்கூட அவர் தவறவிட்டதில்லை. மாமா ஓடிப்போய் அவருடைய நேர்முக உதவியாளர் விஜயகுமாரைப் பிடித்தார்.

"நாலு எட்டுதான் சார். அப்டியே வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடட்டும்."

"சாவுக்கு வந்துட்டு நல்ல காரியத்துக்கு வருவாங்களா? தீட்டுப்பா. நீ கிளைச் செயலாளர், உனக்கே தெரிய வேணாம்?"

பகுத்தறிவை மேடையோடு நிறுத்திக்கொள்ளும் அந்தப் பக்குவத்தை நான் வியந்தேன்.

2008இல் விஜயகுமாரே வழி சொன்னார். முறைப்படி மனு கொடுத்தால் கோப்பு போட்டுவிடலாமாம். கொடுத்தோம். மூன்றே மாதத்தில் பதில் வந்தது. "தங்கள் மனு மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது." முகவரியில் குப்பம் என்று இருந்ததால், குப்பத்து மனு என்றால் படகாகத்தான் இருக்கும் என்று அவராகவே முடிவுசெய்து, படகு பதிவுப் படிவம் ஒன்றையும் இணைத்திருந்தார். நீளம் என்ன, எடை என்ன, இயந்திரத்தின் குதிரைத்திறன் என்ன.

"பூர்த்தி பண்ணி அனுப்பு தமிழு. கேட்டா குடுக்கணும்" என்றார் மாமா.

அக்கா குழந்தையைச் சுவரோரம் நிற்கவைத்து அளந்தாள். இரண்டடி ஒன்பது அங்குலம்.

"எத்தன குதிர சக்தின்னு கேக்குறாங்கக்கா."

"ராத்திரி ரெண்டு மணிக்கு அழுவுறப்ப வந்து கேட்டுட்டு அவுங்களயே எழுதிக்கச் சொல்லு."

எழுதி அனுப்பினேன். "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது.

இதை வைத்து அண்ணன் பெயர் வைப்பதில் கஞ்சர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தொகுதி மேம்பாட்டு நிதியில் எழுந்த ஒவ்வொன்றுக்கும் அவர் தாராளமாகப் பெயர் வைத்தார். பேருந்து நிழற்குடையில் ராஜமாணிக்கம். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் ராஜமாணிக்கம். பள்ளிக்கூடக் கழிப்பறையில், ஆண்கள் பக்கம் ஒன்று, பெண்கள் பக்கம் ஒன்று. சுடுகாட்டு எரிமேடையிலும் அவர்தான். எங்கள் ஊரில் பிறந்தவர் பெயரில்லாமல் இருக்கலாம். இறந்தவருக்கு அந்தக் குறை கிடையாது.

சட்டமன்றப் பணியையும் சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டில் அவர் ஒரு முறை எழுந்து பேசினார். பதினொரு நிமிடம். அதில் பத்தரை நிமிடம் நன்றி. தொகுதிப் பிரச்சினைக்கு வருகிறேன் என்று அவர் சொன்னபோது மணி அடித்துவிட்டார்கள். அந்த உரையைப் புத்தகமாகப் போட்டு வீட்டுக்கு இரண்டு கொடுத்தார். அக்கா வீட்டில் ஒன்று அடுப்பு பற்றவைக்கவும், இன்னொன்று ஆடும் பீரோவின் காலுக்குக் கீழேயும் மக்கள் பணி ஆற்றின.

இதற்குள் குழந்தை நடந்து, ஓடி, சண்டை போட்டு, பல் விழும் வயதை நெருங்கிவிட்டது. வீட்டில் பாப்பா. ஊரில் "எம்மெல்லே புள்ள". இந்தப் பெயர் பரவி, வெளியூரிலிருந்து புதிதாக வந்த அங்கன்வாடி ஆயா மங்கலம், பதிவேட்டில் தகப்பனார் பெயர் என்ற இடத்தில் ராஜமாணிக்கம் என்றே எழுதிவிட்டாள். அதை அடித்துத் திருத்துவதற்குள் மாமாவுக்கு வியர்த்துவிட்டது. கோட்டு வேறு.

"நாமளே ஒண்ண வெச்சிட்டா என்னா மாமா?" என்று கேட்டேன்.

"என்னா பேசுற? மைக்குல சொன்னது. நாமளே வெச்சிட்டா அண்ணன் மேல நம்பிக்க இல்லன்னு ஆயிடும். நாளைக்கே என் பதவிய புடுங்கி இளவரசுகிட்ட குடுத்துடுவாங்க. கட்சிக் கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்குல்ல."

"அந்தப் பதவியில உங்களுக்கு என்னா வருது?"

"மரியாத வருது."

அக்கா உள்ளேயிருந்து, "வரட்டும், வந்தா ரெண்டு படி வாங்கி வைக்கிறேன், ராத்திரிக்கு ஒலையில போடலாம்" என்றாள். மாமா கெட்டவர் இல்லை. அவரை "வாங்க செயலாளர்" என்று கூப்பிட்ட ஒரே ஆள் இந்த உலகத்தில் விஜயகுமார்தான்.

2011 மார்ச்சில் விஷயம் முற்றியது. ஜூனில் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் விசாரிக்கப் போனோம். தலைமையாசிரியை பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். பெயர் என்ற இடத்தில் ஒரு நீளமான கோடு.

"பேரு போட்டுக் கொண்டாங்க. இல்லன்னா சேக்க முடியாது. வருகைப் பதிவுல நான் என்னான்னு கூப்புடறது? ஏய்னா?"

"ஏய்னா கூப்புட்டா வந்துடுவா மிஸ்" என்றார் மாமா.

"ஏய்னா முப்பது பேரும் வந்துடுவாங்க. ஜூன் ஒண்ணுக்குள்ள கொண்டாங்க. தேதி தாண்டுனா அப்புறம் ஒரு வருசம் வீட்டுலதான்."

திரும்பி வரும் வழியில் அக்கா தரையைப் பார்த்தே நடந்தாள். ஐந்தாவதோடு அவள் படிப்பை நிறுத்தியபோதும் இப்படித்தான் வந்தாளாம், அம்மா சொல்லியிருக்கிறாள்.

அந்த மாதம் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். நடத்தை விதிப்படி அதிகாரிகள் வந்து நிழற்குடை, தொட்டி, கழிப்பறை, எரிமேடை எல்லாவற்றிலும் அண்ணன் பெயர் மேல் வெள்ளைத் தாளை ஒட்டினார்கள். அண்ணனின் கட்டடங்களும் எங்கள் பாப்பாவும் அப்போதுதான் ஒரே வரிசைக்கு வந்தன. கட்டடங்களுக்கு மே மாதம் பெயர் திரும்பக் கிடைத்துவிடும் என்பது மட்டுமே வித்தியாசம்.

ஆனாலும் மாமாவின் முகத்தில் ஒளி. "இந்தத் தடவ உறுதி. விஜயகுமார் சாரே சொல்லிட்டாரு. நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணி, மாரியம்மன் கோயிலாண்ட. வேன்லேந்தே பேரு வெக்கிறாரு."

ஏழு மணிக்குப் பிரச்சார வேன் வந்தது. பின்னாலேயே தேர்தல் அதிகாரிகளின் வீடியோ வண்டி. மாமா கோட்டுப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, பாப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். ஐந்து வயதுக் குழந்தையைக் கைக்குழந்தை போலத் தூக்கியதில் அவள் கால் அவர் மூக்கில் இடித்தது. புதுப் பாவாடை, இரட்டைச் சடை, கனகாம்பரம். அண்ணன் குனிந்து வாங்கிக்கொண்டார். கேமராவைப் பார்த்தார். பிறகு குழந்தைகளைத் தூக்கினால் எல்லாத் தலைவர்களும் கேட்பதை, ஐந்து ஆண்டுப் பழக்கத்தில், மைக்கிலேயே கேட்டார்.

"உன் பேரு என்னாம்மா?"

பாப்பா கூட்டத்தில் அம்மாவைத் தேடினாள். அக்கா லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. அதை நான் பார்த்தேன், அப்போது புரியவில்லை. பாப்பா மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீதான் வெக்கணுமாம்."

நான்கு ஒலிபெருக்கியிலும் அது கேட்டது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். விஜயகுமார் பாய்ந்து வந்து அண்ணன் காதில் ஏதோ ஓதினார். அண்ணன் கலங்கவில்லை. அவர் முகத்தில் ஒரு சிந்தனை தோன்றி, உடனே மறைந்தது. வலக்கையை உயர்த்தினார்.

"அன்பார்ந்த தாய்மார்களே, பெரியோர்களே. இப்போது பெயர் வைத்தால் இது வேட்பாளர் வைத்த பெயர். நான் வெற்றி பெற்று வருகிறேன். வெற்றி விழாவிலே, இந்தத் தங்கத்துக்கு நானே பெயர் சூட்டுவேன்."

விசில் பறந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கூட்டத்தில் முதலில் கைதட்டியவர் மாமா. கை பழகிவிட்டது. இரண்டாவது தட்டில்தான் அவருக்கே விஷயம் உறைத்து, கைகள் அப்படியே பாதி வழியில் நின்றன.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேன் அருகே போனாள்.

"புள்ளைய குடுங்கண்ணே."

"என்னாம்மா, சந்தோசம்தான?"

"ரொம்ப ஜாஸ்தி சந்தோசம்ணே. குடுங்க, ஒங்களுக்குக் கை வலிக்கும்."

மறுநாள் காலை அக்கா சான்றிதழை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் பாப்பாவும் கூட.

"இன்னும் ஒரு மாசம்தான் அமராவதி. ரிசல்ட்டு வந்துடட்டும்" என்றார் மாமா, கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

"தகப்பன் கையெழுத்து வேணுமாம். அத மாட்டிக்கிட்டு வர்றதா இருந்தா நீ வர வேணாம், நான் வேற என்னா செய்யணுமோ செஞ்சிக்கிறேன்."

நிழற்குடையில், வெள்ளைத் தாளுக்குக் கீழே நின்றோம். பஸ் கிளம்பி நகரும்போது மாமா ஓடிவந்து பின்படியில் தொற்றி ஏறினார். வெறும் சட்டை. ஐந்து வருடத்துக்குப் பிறகு அவர் தோள்பட்டை இவ்வளவு ஒல்லி என்பதைப் பார்த்தேன்.

பிறப்பு-இறப்புப் பதிவு அலுவலகத்தில் பாதி நாற்காலி காலி. எல்லாருக்கும் தேர்தல் பணி. எழுத்தர் கோவிந்தசாமி மட்டும் இருந்தார். பெயர் சேர்க்கும் படிவத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "புள்ள பேரு?" என்றார்.

நானும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். இத்தனை ஓட்டத்தில் என்ன பெயர் என்று நாங்கள் யாரும் யோசித்திருக்கவேயில்லை.

"தீபிகா" என்றாள் பாப்பா. "ஜெ. தீபிகா."

மாமாவுக்கு வாய் திறந்தது. "யாரு சொன்னா?"

"அம்மா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிச்சு."

அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "நீ மேடையில சபதம் போட்டுட்டு வந்த பாரு, அன்னிக்கே காதுல மூணு தடவ சொல்லிட்டேன். உங்கிட்ட சொன்னா நீ மைக்குல சொல்லிடுவ."

மாமா படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பழக்கத்தில் அதற்குக் கீழே "கிளைச் செயலாளர்" என்று எழுதினார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடித்தார். பக்கத்தில் "தகப்பன்" என்று எழுதினார்.

மீதியை நிரப்புவது என் வேலை. ஊர், தெரு, பிறந்த தேதி. கடைசியில் ஒரு சின்னக் கட்டம்: பெயர் பதிவதில் ஏற்பட்ட தாமதத்துக்கான காரணம்.

"அறியாமைன்னு போட்டுடும்மா" என்றார் கோவிந்தசாமி, பரிவோடு. "கிராமத்துலேந்து வர்றவங்க எல்லாம் அதான் போடுவாங்க. யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

நான்கு வருடமாக "மாண்புமிகு" எழுதிய அதே பேனா. கட்டம் சின்னது என்பதால் விளக்கம் எதுவும் எழுதவில்லை. இரண்டே சொல் எழுதி நீட்டினேன்: சட்டமன்ற உறுப்பினர்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"இது காரணம் இல்லியேம்மா. பதவி."

"அஞ்சு வருசமா நாங்களும் அப்டித்தான் சார் நெனச்சிட்டு இருந்தோம்."