தேசூருக்குப் போன மோதிரம்

எழுபதுகளின் கடைசியில், ஆரணியில் எங்கள் தெருவில் ரகசியம் என்று ஒன்று உயிரோடு இருந்ததே கிடையாது. எதிர்வீட்டு மிஷின் மாமாவுக்குத் தெரிந்த அன்றே அதன் கதை முடிந்துவிடும். அவர் கோள் சொல்கிறவர் அல்ல. தன் வீட்டுக்குள் உட்கார்ந்து தன் மனைவியிடம் மட்டும்தான் சொல்வார். ஆனால் வாலிபத்திலிருந்து ரைஸ் மில்லில் மிஷின் ஓட்டியவர். மிஷின் ஓடும்போது பேசிப் பழகிய குரல், அது நின்ற பிறகும் இறங்கவில்லை. காதும் பாதிக்கு மேல் போய்விட்டது. அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். ரேஷன் கடைக்காரரைக் கேட்டால்தான் தெரியும்.

ஒருநாள் மத்தியானம் தன் மனைவியை அடக்கிக்கொண்டிருந்தார். “மெதுவா பேசு, பக்கத்து ஊட்ல கேட்டுடப் போவுது.” பக்கத்து வீட்டிலிருந்து பதில் வந்தது: “அவங்க பேசறது கேக்கலைங்க. நீங்களே சொல்லுங்க.” சாவு வீட்டில் ஓரமாக ஒதுங்கி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, “எப்ப எடுக்கறாங்களாம்?” என்று என் அப்பாவிடம் கேட்பார். மேளம் அடிக்கிறவர் மேளத்தை நிறுத்திவிட்டுப் பதில் சொல்வார்.

இப்படிப்பட்டவர்தான் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார். தேசூரிலிருந்து அவர் மில்லுக்கு நெல் ஏற்றி வருகிற குடும்பம். பையன் கிளார்க். நிச்சயத்தன்று எனக்குச் சிவப்புக் கல் மோதிரம் போட்டார்கள். அடுத்த மாதமே கல்யாணம் வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். பின்னாலேயே ஒரு பேச்சும் வந்து சேர்ந்தது: பெண்ணுக்கு வலிப்பு வருமாம்.

எனக்கு அதுவரை பெரிதாக ஜுரம்கூட வந்ததில்லை. ஆனாலும் வெட்கம் வந்து வீட்டில் குடியேறிவிட்டது. பட்டு நெய்கிற அப்பா தறிக்குழியை விட்டு ஏறுவதே அபூர்வம். அம்மா, எல்லாரும் போன பிறகு குழாயடிக்குப் போவாள். அரிசி களையும்போது கொஞ்சம் கை நடுங்கினாலும், யாராவது பார்க்கிறார்களா என்று நான் திரும்பிப் பார்ப்பேன்.

இதில் மோதிரத்தை என்ன செய்வது என்று வேறு தகராறு.

“குடுக்காத. முறிச்சது அவங்க. நாமளே எடுத்துக்கினு போய்க் குடுத்தா, குத்தம் நம்ம மேலன்னு ஒத்துக்கினா மாதிரி ஆயிடும்” என்றாள் பெரியம்மா.

“வச்சிக்கினா, மோதிரத்துக்கு ஆசைப்பட்டாங்கன்னு பேசுவாங்களே அக்கா” என்றாள் அம்மா.

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. எனக்கு அந்த மோதிரம் வீட்டில் கிடப்பதே உடம்பில் ஏதோ ஊர்வது போலிருந்தது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். சம்பந்தம் பேசியவர்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். “அவரா? ஊரு பூரா கேக்குமேம்மா.”

“பேசறது அவரு பேசட்டும்பா. நானும் போறேன். வலிப்பு வர பொண்ணு எப்படி இருக்குதுன்னு அவங்க பாக்கட்டும்.”

பல நாளைக்குப் பிறகு அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

பஸ்ஸில் வாயே திறக்கக் கூடாது என்று மாமாவிடம் சத்தியம் வாங்கித்தான் அனுப்பினார். மாமா வந்தவாசி வரைக்கும் சத்தியத்தைக் காப்பாற்றினார். அங்கே பஸ் மாறி, நான் முன்னால் பெண்கள் சீட்டிலும் அவர் கடைசி சீட்டிலும் உட்கார்ந்தோம். ஊரைத் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் புறப்பட்டது.

“பாப்பா, மோதிரம் பத்திரமா கீதா?”

பஸ் முழுக்கத் திரும்பியது. நான் தலையாட்டினேன். அவருக்குத் தெரியவில்லை.

“பையில வச்சிக்கினியா, இடுப்புல சொருவிக்கினியா?”

“சொல்லிடும்மா. இல்லாங்காட்டி இன்னொரு தபா கேப்பாரு” என்றார் கண்டக்டர்.

“பையில” என்றேன்.

“எந்த மோதிரம்மா?” என்றாள் பக்கத்தில் இருந்த பெண்மணி. நான் வாயெடுப்பதற்குள் மாமாவே விஷயத்தைப் பொதுவில் வைத்துவிட்டார். “நிச்சயம் நின்னுபோச்சிங்க. திருப்பிக் குடுக்கப் போயிகினு கீறோம்.”

தேசூர் வருவதற்குள் பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. வலப்பக்கத்தார் கொடுத்துவிடச் சொன்னார்கள். எதிர்ப்பக்கத்தார் கூடவே கூடாது என்றார்கள். டிரைவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நிச்சயச் செலவு யாருடையது என்று விசாரித்தார். நான் ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு, டயர் வெடிக்காதா என்று வேண்டிக்கொண்டேன். இறங்கும்போது, “தைரியமா போம்மா” என்றது இரண்டு கட்சியும்.

பையனின் அம்மா வாசலில் எங்களைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனாள்.

“உள்ள வாங்க. தெருவுல நின்னு பேச வாணாம்.”

“உள்ள வரலைங்க. பொண்ணுக்கு வலிப்புன்னு சொன்னீங்களாமே. யாரு பாத்தது?” மாமா கோபமாகக் கேட்கவில்லை. விலை விசாரிப்பதுபோலத்தான் கேட்டார். ஆனால் கைப்பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

அந்த அம்மா அருகே வந்து ஏதோ முணுமுணுத்தாள்.

“இன்னாம்மா?”

கொஞ்சம் குரலை உயர்த்தினாள்.

“கேக்கலம்மா. மிஷின்ல காது போயிடுச்சி. சத்தமா சொல்லு.”

அந்த அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. அவர் காதருகே கையைக் குவித்துக் கத்தியே விட்டாள். “பொண்ணுக்கு ஒண்ணும் இல்லைங்க. கொஞ்சம் பெரிய எடமா வந்துது. அதான் அப்படிச் சொல்லிட்டோம்.”

கத்தி முடித்த பிறகுதான் தெருவைப் பார்த்தாள். உள்ளே கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்த பையன் சீப்பும் கையுமாக அப்படியே நின்றான்.

“இப்ப கேட்டுது” என்றார் மாமா.

நான் மோதிரத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். வழியெல்லாம் நான்கு வார்த்தை யோசித்து வைத்திருந்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டேன். ஜெயித்துவிட்டோம் என்றும் தோன்றவில்லை. அவளுக்குமாகச் சேர்த்து எனக்குக் கூச்சமாக இருந்தது. “வரேங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும் பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் நின்றோம். மாமா என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“நான் பாத்த எடம் பாப்பா. நெல்லு சுத்தமா இருந்துச்சி, மனுசனும் அப்படித்தான் இருப்பான்னு நெனச்சிட்டேன். எம் பொண்ணா இருந்தா நாலு பேரை விசாரிச்சிருப்பேன். விசாரிக்கல.”

சொல்லிவிட்டு அழுதார். அழுகையும் மில் குரலில்தான் வந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். பெரியவரை நான் ஏதோ திட்டிவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

“யாரும்மா இவரு, உங்க அப்பாவா?” என்றார் ஒருவர்.

“ஆமாங்க” என்றேன். மாமாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.