நின்றது, ஆகவே பாஸ்

டத்தோ கிராமாட்டிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டி பத்து காவான் என்ற ஊருக்குத் தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர் பால்ராஜுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். கொஞ்ச நாளாகவே அது தன் இஷ்டத்துக்குத்தான் நின்றது.

முதலாளி நாதனிடம் சொன்னார்.

"இன்ஸ்பெக்‌ஷன் வருது லா. கோளாறு இருந்தா அவங்களே சொல்லுவாங்க. அதுக்கு முந்தி நாம சொன்னா அவங்களுக்கு என்ன மரியாதை?" என்றார் நாதன்.

வண்டி ஃபெயில் ஆக வேண்டும் என்று புக்கிட் மெர்தாஜாம் தேவாலயத்துப் புனித அன்னம்மாளிடம் வேண்டிக்கொண்டு பரிசோதனை நிலையத்துக்குப் போன ஒரே டிரைவர் பால்ராஜாகத்தான் இருக்கும்.

அதிகாரி லோகேஸ்வரன் மிகவும் கண்டிப்பானவர். கதவில் எழுதியிருந்த கம்பெனிப் பெயரை அளவுகோல் வைத்து அளந்தார். எழுத்து ஒரு விரற்கடை குட்டை.

"இது பெரிய ஆபத்து," என்றார்.

"சார், பிரேக்கைப் பாருங்க. அதான் பிடிக்கல."

"பிரேக் மெஷின் கெட்டுப்போச்சு. அதுவே பரிசோதனைக்குப் போயிருக்கு. நீங்க கொஞ்சம் ஓட்டி நிறுத்திக் காட்டுங்க."

பால்ராஜ் ஓட்டினார். மிதித்தார். பஸ் ஆற அமர உருண்டு போய், 'பாதுகாப்புக்கே முதலிடம்' என்ற பலகையைச் சாய்த்துவிட்டு, சுவரில் முட்டி நின்றது.

லோகேஸ்வரன் நடந்து வந்து பார்த்தார்.

"நின்னுச்சா இல்லையா?"

"சுவர் நிறுத்துச்சு சார்."

"எது நிறுத்துச்சுன்னு எழுத ஃபாரத்துல இடமில்ல. நின்னுச்சு, பாஸ். எழுத்தை மட்டும் பெருசா எழுதிட்டு வாங்க."

எழுத்து வளர்ந்தது. பஸ் பாஸானது. மறுபடியும் பிரேக்கைப் பற்றிச் சொன்ன பால்ராஜிடம், "ஓட்ட மனசில்லன்னா சாவியக் குடு, வேற ஆள் இருக்கு," என்றார் நாதன், சிரித்த முகம் மாறாமல்.

மறுநாள் காலை ஆட்கள் ஏறியதும் பால்ராஜ் எழுந்து நின்று உள்ளதைச் சொல்லிவிட்டார். "பஸ் பாஸ் ஆயிருச்சு. ஆனா பிரேக் பிடிக்கல. கடல் பாலத்துல என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது."

முன் சீட்டிலிருந்த காமினி போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். அவள் லோகேஸ்வரனின் மகள்.

"அப்பா, நீங்க பாஸ் பண்ண பஸ்லதான் உட்கார்ந்திருக்கேன். போகலாமா?"

"உடனே இறங்கு. நான் கார் எடுத்துட்டு வர்றேன்."

"மத்தவங்க?"

"அவங்களுக்கு என்னம்மா பயம்? பஸ்தான் பாஸ் ஆயிருச்சே."

காமினி இறங்கினாள். பால்ராஜ் கதவை மூடாமல் காத்திருந்தார். இன்னும் ஒரே ஒருத்தர் இறங்கினால் போதும், தானும் சாவியை நாதன் மேசையில் போட்டுவிடலாம் என்றிருந்தது அவருக்கு.

பின்னாலிருந்து மோகனா விருட்டென்று எழுந்து வந்தாள். பால்ராஜுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மோகனா காமினியின் சீட்டில் உட்கார்ந்தாள்.

"ஜன்னல் சீட். ஏர்கான் நேரா வருது," என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். பிறகு நிமிர்ந்து, "கதவைச் சாத்துங்கண்ணே, லேட்டாச்சு லா."

பால்ராஜ் கதவைச் சாத்தி, கியரைப் போட்டார்.