கை மறக்குமா?

மாஜிகள் பல வகை. மாஜி மந்திரி, மாஜி மிட்டாதார், மாஜி பஞ்சாயத்துத் தலைவர் என்று எல்லோரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததும் எதிர்ச்சாரிக்கு மாறி நடந்தும் இருப்பீர்கள். இவர்களில் மாஜி ஆட்டக்காரர் என்று ஒரு வகை உண்டு. அவரிடம் மட்டும் எதிர்ச்சாரி பலிக்காது. எட்ட இருந்தே உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எதையாவது தூக்கி எறிந்து, "பிடிங்க!" என்பார். பிடித்தால் மாட்டிக்கொண்டீர்கள். பிடிக்காவிட்டால், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லித்தர அரைமணி நேரம்.

மைசூரில் அந்த இனத்தின் முழு உருவம் நஞ்சுண்டசாமி. முழு உருவம் என்றால் ஆறரை அடி.

அவர் கூடைப்பந்து வீரரானது ஹனூர் பஸ் நிலையத்தில். கௌதள்ளியிலிருந்து வந்த இளைஞர், ஏணியில் ஏறாமல் நின்ற இடத்திலிருந்தே ராகி மூட்டையைப் பஸ் கூரைமேல் எறிந்துகொண்டிருந்தார். மைசூர்த் தொழிற்சாலை ஒன்றின் கூடைப்பந்துக் குழுவுக்கு உயரமான ஆள் தேடி அலுத்துப்போன அதிகாரி ஒருவர் அதே பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தார். மூட்டை தலைக்குமேல் விழுந்த சத்தத்தில் விழித்தார்.

"தம்பி, கூடைப்பந்து தெரியுமா?"

"கூடை தெரியுங்க. பந்தும் தெரியுங்க. ரெண்டையும் எதுக்குங்க ஒண்ணாச் சேக்கோணும்?"

அடுத்த வாரமே வேலை. என்ன வேலை? அங்கேதான் சூட்சுமம். பந்து போடுகிறவருக்கு அந்தப் பெயரில் சம்பளம் கிடையாது. ஸ்டோர்ஸ் குமாஸ்தா என்று உத்தரவு கொடுப்பார்கள். காலையில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு மைதானத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நம்மவரும் மாநிலம் முழுக்கச் சுற்றி, கோப்பை வாங்கி, முழங்காலைக் கெடுத்துக்கொண்டு ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். சம்பளத்திலிருந்து ஓய்வு பெறவில்லை. ஸ்டோர்ஸ் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று தெரியாமலே அதில் இரண்டு பதவி உயர்வும் வாங்கினார்.

ஓய்வுக்குப் பிறகுதான் அவருடைய உண்மையான ஆட்டம் தொடங்கியது. வாயால் ஆடினார். ஷிமோகாவில் ஒரு வங்கிக் குழுவை எதிர்த்துக் கடைசி நொடியில் போட்ட பந்துதான் அவருடைய மூலதனம். முதலில் அதை வளையத்துக்கு நேரே உள்ள கோட்டில் நின்று போட்டிருந்தார். மகள் பிறந்தபோது அது நடுமைதானம். மகள் பள்ளியில் சேர்ந்தபோது எல்லைக்கோட்டுக்கு வெளியே. தொண்ணூற்றாறாம் வருஷ வாக்கில், மைதானத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒரு கையில் கிளாசைப் பிடித்தபடியே மறுகையால் போட்டதாக வளர்ந்திருந்தது. எதிராளிகளும் கூடவே வளர்ந்தார்கள். கடைசியாகக் கேட்டவர்களுக்கு, அந்த வங்கிக்காரர்கள் எப்படிக் கவுன்டருக்குள் உட்கார்ந்தார்கள் என்பதே சந்தேகமாகிவிட்டது.

கதை முடிந்ததும் வலது உள்ளங்கையை விரித்துக் காட்டி, "கால் போச்சுங்க. கை மறக்குமா?" என்பார்.

வீட்டில் எதுவும் கைக்குக் கை மாறாது, எல்லாமே பறக்கும். சாவி பறக்கும், சோப்பு பறக்கும், தேங்காய்கூடப் பறந்திருக்கிறது. கசக்கிய காகிதம் குப்பைத்தொட்டியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் விழும். பெருக்குகிறவர் மனைவி சொர்ணலதா.

"உங்க கை மறக்கலீங்க. இந்தத் தொட்டிதான் தான் இருக்கற எடத்த மறந்துபோச்சு."

"காத்தடிக்குது சொர்ணா."

"ஃபேனே ஓடலீங்களே!"

அவர் அடுத்த காகிதத்தைக் கசக்குவார். மாஜிகளுக்குக் காற்று எப்போதும் எதிரே அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு புது மானேஜர் வந்து சேர்ந்தார். தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வாங்கினார். ஒவ்வொருவரும் என்ன வேலை செய்கிறார்கள் என்று விசாரித்தார். இதைவிடக் கொடூரமான கேள்வி உண்டா? நஞ்சுண்டசாமியைக் கூப்பிட்டுத் தன்மையாகவே சொன்னார்: "புது கோர்ட் கட்டியிருக்கிறோம். குழுவுக்கு ஒரு கோச் வேண்டும். ஆயுத பூஜை அன்றைக்கு நீங்களே முதல் பந்து போட்டுத் திறந்துவையுங்கள். உங்கள் கையைப் பார்த்துவிட்டு அங்கேயே அறிவிக்கிறேன். சரிப்படாவிட்டால், மறுநாளிலிருந்து ஸ்டோர்ஸில் உட்கார்ந்துவிடுங்கள்."

நஞ்சுண்டசாமி கணக்குப் போட்டுப் பார்த்தார். இத்தனை வருஷம் எந்த வேலைக்குச் சம்பளம் வாங்கினாரோ அந்த வேலையைச் செய்யவேண்டி வந்துவிடும்! அதுவும் கம்ப்யூட்டரோடு!

ஆயுத பூஜை வந்தது. மைசூரில் அன்று லாரிக்கும் பொட்டு உண்டு, ஸ்பானருக்கும் பொட்டு உண்டு. கூடைப்பந்து மட்டும் என்ன பாவம் செய்தது? பந்துக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்கள். கம்பத்துக்கு வாழைக்கன்று. வளையத்தைச் சுற்றிக் கைத்தடிமனில் செவந்தி மாலை. அர்ச்சகர் நஞ்சுண்டசாமியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிச் சங்கல்பம் செய்துவைத்தார். பூசணிக்காய் உடைந்தது. பொரியும் ஸ்வீட் பெட்டியும் மேஜைமேல் காத்திருந்தன. முன்வரிசையில் சொர்ணலதா பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார்.

நஞ்சுண்டசாமி கோட்டில் நின்று பந்தை உயர்த்தினார். சந்தனம் வழுக்கியது. பந்து பின்பக்கமாகப் போய் மானேஜரின் மடியில் விழுந்தது.

"இது வார்ம்-அப்புங்க" என்றார்.

இரண்டாவது பந்து வளையத்துக்கே போனது. கூட்டம் எழுந்தது. பந்து செவந்தி மாலைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. எல்லோரும் அர்ச்சகரைப் பார்த்தார்கள். அவர் யோசித்துவிட்டு, "இறங்கினாத்தான் பலன்" என்றார். கம்பை விட்டுத் தட்டி எடுத்தார்கள்.

மூன்றாவது பந்து வளையத்துக்குக் கீழேயே போய்விட்டது. நான்காவதும் அப்படியே.

அப்போது நஞ்சுண்டசாமிக்கு உண்மையாகவே அழுகை வந்தது. கை மறந்துவிட்டது. எப்போதோ மறந்துவிட்டது, அவருக்கு அது தெரியும். காகிதம் ஒவ்வொரு முறை தொட்டிக்கு வெளியே விழுந்தபோதும் தெரிந்துதான் இருந்தது. சொர்ணலதா தலைகுனிந்து முந்தானை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் மாஜி அழலாமா? தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

"வளையம் ஒசரமாக் கட்டியிருக்குதுங்க. அளந்து பாருங்க!"

மராமத்து மேஸ்திரி தொட்டையன் ஏணி போட்டு ஏறி, டேப்பைப் பிடித்து அளந்து, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்: "அளவு சரியாகி இதெ சாமி. பத்தே அடி."

"அப்ப தரை பள்ளமா இருக்கும்."

குழுவின் கேப்டன் பரத் மெல்ல முன்னால் வந்தான். "சார், நான் போட்டுர்றேன். ஒரு செகண்டு வேலை."

அர்ச்சகர் பதறிவிட்டார். "இவர் பேரிலே சங்கல்பம் பண்ணியாச்சு. வேற கையாலே விழுந்தா தோஷம். ராகுகாலம் வேற நெருங்கறது!"

பெரிய சிக்கல். பந்து இறங்காமல் பூஜை முடியாது. பூஜை முடியாமல் பொரி கிடையாது. முந்நூறு தொழிலாளிகள் ஸ்வீட் பெட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். கடைசியில் தொட்டையன்தான் வழி சொன்னார்: "பந்து மேலே ஹோகல்லே. சரி, வளையம் கீழே பரட்டும்."

போல்ட்டைத் தளர்த்தி வளையத்தைத் தலை உயரத்துக்கு இறக்கினார்கள். கிட்டே போய் வைத்துவிட்டு வரலாம் அல்லவா? மாட்டார். கோட்டில் நின்றுதான் போடுவேன் என்றார். போட்டார். வாழைக்கன்று முறிந்தது. இன்னும் இறக்கினார்கள். மார்பு உயரம் வந்ததும் கம்பத்தையே பெயர்த்துக் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நட்டார்கள். நஞ்சுண்டசாமி கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டார். பந்து இறங்கியது. மத்தளம், சேகண்டி, கைதட்டல்! ராகுகாலத்துக்குத் தப்பிவிட்ட சந்தோஷத்தில் மானேஜரும் கைதட்டி, அதே மூச்சில் கோச் என்று அறிவித்துவிட்டார்.

நஞ்சுண்டசாமி கூட்டத்தைப் பார்த்து உள்ளங்கையை விரித்தார். "கை மறக்குமா?"

கதை இதோடு முடிந்திருந்தால் தேவலை. பூஜை போட்ட வளையத்தை அடுத்த ஆயுத பூஜை வரை அசைக்கக்கூடாது என்று அர்ச்சகர் சொல்லிவிட்டார். வருஷம் முழுக்கக் குழு மார்பு உயரத்தில் பயிற்சி செய்தது. யார் போட்டாலும் விழுந்தது. கேன்டீன்காரர் கரண்டியால் போட்டாலும் விழுந்தது. இப்படி ஒரு குழு இதுவரை அமைந்ததில்லை என்று கோச் ஊரெல்லாம் சொன்னார். பிறகு ஹாசனில் நடந்த போட்டிக்குப் போனார்கள். அங்கே எல்லாப் பந்தும் எதிராளியின் மார்பில் போய் விழுந்தது. ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கோச் எழுந்து நின்று, கூரை இடிக்காமல் குனிந்தபடி, விளக்கம் சொன்னார்: "மோசடிப் பசங்க. வளையத்தக் கொண்டுபோய் ஆகாசத்துல கட்டியிருக்கறானுங்க!"

பரத் தலையை ஆட்டினான். அவனுக்கு இருபத்துமூன்று வயது. "நம்ம கோர்ட்டுல ஆடியிருந்தா தெரிஞ்சிருக்கும் சார். நம்ம கோர்ட்டுல நான் ஒரு பந்துகூட விட்டதில்ல" என்றான்.

பார்த்தீர்களா, ஆட்டத்தை ஒழுங்காகத் தொடங்கும் முன்பே ஒரு மாஜி தயார்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர் மூன்றாவது பந்தை விட்டபோது, 'முழங்கையைக் கொஞ்சம் உள்ளே வைத்திருக்கணும், சின்ன வயசில் நாமெல்லாம்...' என்று உங்களுக்குள்ளே ஏதோ ஓடியதல்லவா? அதை வாய்விட்டும் சொன்னீர்களோ? அப்படியானால் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். இவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "ஆரம்பிச்சாச்சு" என்று முணுமுணுத்தபடி எழுந்து உள்ளே போகிறார்.