கரி மண்டியில் தண்ணீர் தெளித்த மாப்பிள்ளை

செய்கிற வேலையைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க முடியாமல் தவிக்கிறவனிடம், "அதை எப்படிச் செய்வீங்க?" என்று யாரும் அக்கறையாகக் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அவன் செய்தே காட்டிவிடுவான். நான் காட்டினேன். அதில் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அப்போது எனக்கு ஜார்க்கண்ட் பக்கம் வேலை. பூமிக்கு அடியில் நிலக்கரி வெட்டும்போது கிளம்புகிற தூசியை அடக்குவது. அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் நோய். காற்றில் கூடிப்போனால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். தண்ணீர் தெளித்தால் அடங்காதா என்று கேட்பீர்கள். அடங்காது. நிலக்கரித் தூசியில் தண்ணீர் லேசில் ஒட்டாது, சேம்பிலையில் விழுந்த மாதிரி உருண்டு ஓடிவிடும். சோப்பு மாதிரி ஒரு திரவத்தைத் துளி கலந்தால்தான் தண்ணீர் உள்ளே இறங்கும், தூசியும் கனத்துப் படியும். எங்கள் திரவம் செடிகொடியிலிருந்து எடுத்தது. சுரங்கத்திலிருந்து இறைக்கிற தண்ணீரோடு ஆற்றில் கலந்தாலும் தானாக மக்கிப்போகும், மீனுக்கும் கெடுதல் இல்லை. இதையெல்லாம் நானே கண்டுபிடித்த மாதிரி பேசிக்கொண்டு திரிந்தேன். (என் வேலை கலக்குவது மட்டும்தான்.)

எங்கள் ஊர் பொன்னமராவதியில் இந்தப் பேச்சு எடுபடவில்லை. "காலையில வாசல் தெளிக்கிற வேலைக்கா தம்பி அம்புட்டுத் தூரம் போனே?" என்று சின்னம்மா கேட்டார். அங்கே உரக்கடை வைத்திருந்த என் அப்பா, பையன் வடக்கே ஏதோ கெமிக்கல் வேலை பார்க்கிறான் என்று சொல்லிவிட்டு சட்டென்று பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார்.

அந்த நேரத்தில்தான் இலுப்பூரில் சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா கரி மண்டி வைத்திருந்தார். சீமைக்கருவேல மரத்தை மூட்டம் போட்டு எடுக்கிற கரி, ஓட்டல்களுக்கும் இஸ்திரிக் கடைகளுக்கும் மூட்டை மூட்டையாகப் போகும். பெண் பார்க்கப் போன அன்றே என் வேலையைப் பற்றி, அதை எப்படிச் செய்வேன் என்று கேட்டார். சொன்னேன். குறுக்கே பேசாமல் முழுதாகக் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒரே தொழில்தான். நீங்க பூமிக்குக் கீழ, நான் மேல" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் எனக்கு முதலில் பிடித்துப்போனது மாமாவைத்தான். பெண் சித்ராவை அதற்கப்புறம்தான் சரியாகப் பார்த்தேன்.

நிச்சயத்துக்கு நாள் குறிக்க மறுபடி போனோம். வெற்றிலை, பழம், பூ, கூடவே, மாமாவுக்குச் செய்து காட்ட, அப்பா கடையிலிருந்து ஒரு மருந்தடிக்கிற ஸ்பிரேயர். (நல்ல காரியத்துக்கு ஸ்பிரேயரோடு போன முதல் மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.) என் பையில் அந்தத் திரவம் ஒரு பாட்டில். மாமாவுக்கு ஒரே சந்தோஷம்.

"சாயங்காலம் திருச்சி யாவாரி லோடு எடுக்க வாராரு. அவரு போகட்டும் மாப்பிள்ளை. அப்புறம் கொட்டகைத் தரையில ஒரு மூலையில அடிச்சுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்ட களைப்பில் படுத்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வியாபாரி வரும்போது மண்டியில் தூசியே இல்லாமல் இருந்தால் மாமாவுக்கு எவ்வளவு பெருமை! பெரியவர்கள் பஞ்சாங்கத்தில் மூழ்கியிருந்தார்கள். நான் தண்ணீரில் திரவத்தைக் கலந்து, ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். முதலில் தரையில் அடித்தேன், தூசி அப்படியே அமுங்கியது. ஆனால் சுரங்கத்தில் தரைக்கு மட்டுமா அடிப்போம்? கரிக்கே அல்லவா அடிப்போம்! மூட்டை கட்டுவதற்காகக் குவித்து வைத்திருந்த கரியின் மேல் திருப்பினேன். அப்போது பார்த்து எதிரே தெரிந்த சமையற்கட்டு ஜன்னலில் சித்ரா நின்றாள். அதற்கப்புறம் கை நிற்குமா? டேங்க் தீரத் தீர நிரப்பி அடித்தேன். அவ்வளவு தண்ணீரில் ஒரு சொட்டுகூடக் கீழே வழியவில்லை. அத்தனையும் கரிக்குள்ளே இறங்கிவிட்டது. அதைத்தான் வெற்றி என்று நினைத்தேன்.

வியாபாரி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே லாரியோடு வந்துவிட்டார். மாமா எழுந்து மேல்துண்டை உதறிக்கொண்டு அவரைக் கொட்டகைக்கு அழைத்து வந்தார். வியாபாரி வழக்கம்போல இரண்டு கரித்துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். காய்ந்த கரி என்றால் கணீரென்று கேட்கும். இது கேட்கவில்லை. ஒன்றை உடைத்து உள்ளே விரலை வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"என்னண்ணே, நீங்களுமா?"

கரி வியாபாரத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். எடை கூடுவதற்காகக் கரியில் தண்ணீர் அடிப்பது அந்தத் தொழிலின் பழைய களவு. மாமா அதைச் செய்யாதவர் என்பதுதான் இலுப்பூர் மண்டியின் பெயர். கொட்டகைக்குள் குடிதண்ணீர்ப் பானைகூட வைக்கமாட்டாராம். எனக்கு இதெல்லாம் தெரியாது.

வியாபாரி என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் கரி, முதுகில் ஸ்பிரேயர், கையில் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும் குழாய். "இதுக்குன்னு ஆளே போட்டுட்டீங்களா?"

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். "ஆளு இல்லப்பா. என் மாப்பிள்ளை" என்றார்.

"மாப்பிள்ளைய வச்சேவா?"

நிச்சயம்கூட ஆகாத ஒருவனைக் காட்டிக்கொடுக்காமல், பாடுபட்டுச் சேர்த்த பெயர் போவதைப் பார்த்துக்கொண்டு மாமா நின்றார்.

நான்தான் வாயைத் திறந்தேன். மாமாவுக்கு எதுவும் தெரியாது, அவர் தூங்கிக்கொண்டிருந்தார், அடித்தது நான் என்றேன். வியாபாரி நம்பவில்லை. ஓடிப்போய் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, ஒன்றில் கரித்தூளைப் போடச் சொன்னேன். மிதந்தது. இன்னொன்றில் என் பாட்டிலிலிருந்து ஒரு துளி விட்டுப் போடச் சொன்னேன். சரசரவென்று அடிக்குப் போனது. சுரங்கம், தூசி, வெடிப்பு, மக்கிப்போவது, மீன் என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். (மீன் அங்கே தேவையில்லை. ஆனால் நிறுத்தத் தெரியவில்லை.)

வியாபாரி டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் சிரித்துவிட்டார். "களவாணிப் பய இம்புட்டு வெளக்கமெல்லாம் சொல்லமாட்டாண்ணே. கரி காஞ்சதும் சொல்லுங்க, வாரேன்" என்று சொல்லி வெறும் லாரியோடு போனார்.

வீட்டுக்குள் பேச்சு வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. நாள் குறிக்க வந்த அன்றே இப்படியா என்று பெண்வீட்டுப் பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அப்பா தலையைத் தூக்கவே இல்லை. மாமா நேராக மகளிடம் போய், "நீ என்னத்தா சொல்றே?" என்று கேட்டார்.

"நனைச்சுட்டு ஓடலேல்லப்பா, நின்னு சொன்னாருல்ல" என்றாள் சித்ரா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா சமையக்கட்டுப் பக்கம் விடமாட்டேன்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

நான் வடக்கே போக வேண்டிய டிக்கெட்டைத் தள்ளிப்போட்டு இலுப்பூரிலேயே தங்கினேன். முற்றத்திலும் தெருவோரத்திலும் கரியைப் பரப்பி, வெயிலுக்கு ஏற்றபடி புரட்டிப் புரட்டிக் காயவைத்தேன். பட்டுக்கரை வேட்டியோடு வந்த அப்பாவும் முதல் நாளே கைலிக்கு மாறி இறங்கிவிட்டார். நடுவே நடுவே சித்ரா மோர் கொண்டுவந்து கொடுப்பாள், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடுவாள். அவ்வளவு சந்தோஷமான தண்டனை அதற்கப்புறம் எனக்குக் கிடைக்கவே இல்லை. வியாபாரி மறுபடி வந்து தட்டிப் பார்த்தார். கணீரென்றது. லோடு போனது, நிச்சயமும் ஆனது.

ஆனால் மண்டிக்காரர்கள் மறக்கவில்லை. கரி அள்ளுகிற அக்காமார்கள், வானம் கறுத்தால், "மழை வருது" என்று சொல்வதை அன்றோடு விட்டுவிட்டார்கள். "ஏய், மாப்பிள்ளை வாராரு! தார்ப்பாயை எடுத்தா!" என்றுதான் கத்துவார்கள். முதல் தடவை கேட்டபோது வாசலில் காலை வைத்துக்கொண்டிருந்த நான் அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். இப்போது இலுப்பூரில் அந்தத் தெருவுக்கே அது பழகிவிட்டது. என் பிள்ளைகளும் அப்படியேதான் சொல்கிறார்கள்.

போன வாரம் மாமா போன் செய்தார். இப்போதெல்லாம் காது சரியாகக் கேட்காததால் அவரே பேசிவிட்டு அவரே வைத்துவிடுவார்.

"நேத்து இங்கிட்டு மாப்பிள்ளை வந்து கொட்டு கொட்டுன்னு கொட்டிட்டுப் போயிட்டாரு. கொளமெல்லாம் நெறைஞ்சு கெடக்கு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நீங்க எப்ப வாரீங்க?" என்று கேட்டார்.