எளிமை அத்தியாயம்

இத்தனை காலமும் அடுத்தவர்கள் வாழ்க்கையையே எழுதியாயிற்று. இனி யாராவது என் வாழ்க்கையை எழுதியாக வேண்டும் என்று எழுத்தாளர் முடிவு செய்தார்.

சிறுவர்களுக்கு வாழ்க்கை வரலாறு எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மாலுமியோ மருத்துவரோ, அவர் கையில் அகப்பட்டால் முதலில் வறுமை, நடுவில் விடாமுயற்சி, கடைசி அத்தியாயத்தில் எளிமை. வானியல் அறிஞர் ஒருவர் தம் கிழிந்த சட்டையைத் தாமே தைத்துக்கொண்டார் என்று எழுதிப் பரிசுகூட வாங்கியிருக்கிறார். அந்த அறிஞர் வாழ்நாளில் ஊசியைத் தொட்டாரா என்பது எழுத்தாளருக்குத் தெரியாது.

புதுப் புத்தகத்தின் கடைசியில் ஆசிரியரைப் பற்றியும் சில பக்கங்கள் வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டிருந்தார். தானே எழுதினால் தற்பெருமை. மனைவியைக் கூப்பிட்டார். அவள் கையெல்லாம் சோப்பு நுரையோடு வந்தாள்.

“என் வாழ்க்கை வரலாற்றை நீ எழுதப் போற.”

“பாத்திரம் பாதி கிடக்குதுங்க. தேய்ச்சுக் குடுங்க, எழுதறேன்.”

“வரலாற்றுல இடம் பிடிக்கப் போறவன் பாத்திரமா தேய்ப்பான்?”

“அதுவும் சரிதான். என்ன எழுதணும்?”

“வறுமையும் விடாமுயற்சியும் நான் சொல்றேன். எளிமையை மட்டும் நீ போட்டுக்க. கூட இருக்கிறவங்க சொன்னாதான் நம்புவாங்க.”

“உங்ககிட்ட அப்படி ஒண்ணும் பார்த்த ஞாபகம் இல்லையே.”

“பொருத்தமா ஏதாவது சேர்த்துக்க. யார் வந்து பார்க்கப் போறாங்க?”

வறுமையைக் கண்கலங்கச் சொன்னார். விடாமுயற்சியின் பாதியிலேயே தூங்கிவிட்டார். அவள் எழுதிய எளிமையை அவர் படிக்கவே இல்லை.

புத்தகம் வெளிவந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. ஓர் ஆசிரியை நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு வகுப்பே நின்றது. ஆசிரியை புத்தகத்தைப் பிரித்துப் படித்துக் காட்டினார்.

“‘எவ்வளவு புகழ் வந்தும் வீட்டுப் பாத்திரங்களைத் தினமும் தம் கையாலேயே தேய்க்கிறார். காலையில் வரும் குழந்தைகள் நேரில் காணலாம்.’”

இரட்டைச் சடைக்காரி ஒருத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நிஜமாவே தேய்ப்பீங்களா? அப்போ அந்த வானியல் அறிஞர் சட்டை தைச்சதும் நிஜம்தானே?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தச் சட்டையோடு எழுத்தாளர் எழுதிய புத்தகங்கள் அத்தனையும் கிழிந்துவிடும். மனைவியைப் பார்த்தார். அவள் நாற்காலியில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தொட்டி நிறையப் பாத்திரம் கிடந்தது.

“நான் தொட்டா அவருக்குப் பிடிக்காதுங்க” என்றாள் ஆசிரியையிடம்.

எழுத்தாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். தேய்த்து முடித்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். கரண்டியைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

அவர்கள் போனதும் கையைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தார்.

“சரி, போகட்டும். ஒரு நாள்தானே.”

“பதிப்பாளர் கூப்பிட்டாருங்க. புத்தகம் நல்லாப் போகுதாம். அடுத்த பதிப்புக்கு எளிமையை இன்னும் கொஞ்சம் கேட்டார்” என்றவள், மூலையில் இருந்த அழுக்குத் துணிக்கூடையைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினாள். “எழுதிக் குடுத்துட்டேன்.”